வலை போடுற பொண்ணு

எங்கள் குப்பத்தில், "மீன் கெடச்சுதா?" என்று கேட்டால் "கெடச்சுது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படகு நிறைய வஞ்சிரம் ஏற்றிக்கொண்டு வந்தவர்கூட, "எங்க, ஒண்ணும் இல்ல, அலைஞ்சதுதான் மிச்சம்" என்பார். கேட்டவர் அதை நம்பவே மாட்டார். "ஒண்ணும் இல்லையாம்" என்று சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடுவார். உண்டு என்று சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம்தான் காரணம். உண்மையிலேயே வெறும் வலையோடு திரும்பியவரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். அதனால் யார் சொல்வது பொய், யார் சொல்வது மெய் என்று வார்த்தையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இப்போது யாராவது "ஒண்ணும் இல்ல" என்றாலே எரிச்சல் வருகிறது. நான் ஒரே ஒரு உண்மையைச் சொன்னேன். ஊரில் ஒருத்தர்கூட அதை நம்பவில்லை.

நான் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. நைனா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். எனக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். எங்கள் பக்கம் அதற்குப் பீச்சாங்கை என்று பெயர். என்னைத் திட்டுவதற்கும் அதே பெயர்தான். அந்தக் கையால் சாப்பிடக் கூடாது, கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்று அம்மா அடித்து அடித்து மாற்றினாள். பந்து போடும்போது மட்டும் அடி விழவில்லை. அந்த நேரத்தில் அவள் மார்க்கெட்டில் இருந்தாள், அவ்வளவுதான்.

கரையில் ஏற்றி வைத்த படகுகளுக்கு இடையே பையன்களோடு ஆடிய ஆட்டம் அது. காய்ந்த மணலில் பந்து குத்தினால் அப்படியே புதைந்துவிடும். அலை வந்து போன ஈர மணலில்தான் எழும்பும். அதனால் தண்ணீர் ஓரமாகவே ஆடுவோம். பெரிய அலை வந்தால் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவோம். எனக்கு வேகமாகப் போட வராது. மெதுவாகத் தூக்கிப் போடுவேன். பந்து ஈரத்தில் குத்தி, அடிக்க வருகிறவனை ஏமாற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பும். பையன்கள் என்னைத் திட்டிக்கொண்டே அவுட் ஆவார்கள். மறுநாள் என்னைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்வதற்கு அடித்துக்கொள்வார்கள். பாசம் ஒன்றும் இல்லை. நான் இருக்கிற பக்கம் ஜெயிக்கும்.

பள்ளிக்கூடம், பிறகு பொன்னேரியில் கல்லூரி, பிறகு மாவட்ட அணி என்று அந்தப் பந்து என்னைக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனது. பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து மின்சார ரயில், அப்புறம் இன்னொரு பஸ். மைதானத்துக்குப் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். சென்னைப் பெண்கள் அப்பாவின் காரிலிருந்து இறங்கி, தலையைச் சீவிக்கொண்டு வருவார்கள். என்மேல் மீன் வாடை அடிக்கிறதோ என்று நானே என் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம்.

மாநிலங்களுக்கு இடையே பெண்களுக்கான ஒருநாள் போட்டி வருஷா வருஷம் நடக்கும். பக்கத்துக்கு ஐம்பது ஓவர். டிவியில் வராது, பேப்பரில் மூலையில் நாலு வரி வந்தால் அதிகம். ஆனால் அதில் ஆடியவள் என்றால் ஆடியவள்தான். மாநிலத்துக்காக ஒரு மேட்ச் ஆடினாலும் அந்தப் பட்டம் சாகும்வரை கூட வரும். அந்த வருஷம் எங்கள் அணியின் முதல் மேட்ச்சில் எதிர்ப்பக்கம் இரண்டு இடது கைச் சுழல்காரிகள். எங்கள் பேட்டர்களுக்கு இடது கைச் சுழல் என்றாலே கை உதறும். பழகிக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. பயிற்சியாளர் மேடம் எனக்குப் போன் செய்து, "நெட் பௌலரா வர்றியாம்மா?" என்று கேட்டார்.

நெட் பௌலர் என்றால் அணியில் இல்லாதவள் என்று அர்த்தம். வலை கட்டிய கூண்டுக்குள் பேட்டர் நிற்பாள். நாம் வெளியே இருந்து பந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டம்ப் பறந்தாலும் அது கணக்கில் வராது. மேட்ச் தொடங்கியதும் நம் வேலை முடிந்தது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அணியில் யாருக்காவது அடிபட்டு, நெட் பௌலரை உள்ளே எடுத்த கதை ஒன்றிரண்டு காதில் விழுந்திருந்தது. ஒரு மேட்ச். அதில் ஒரு ஓவர். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை என்று சத்தியம் செய்வேன்.

"நெட்டுன்னா இன்னாடி?" என்று அம்மா கேட்டாள்.

"வலைம்மா."

"வலை போடறவளா நீ?"

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் குப்பத்தில் மணலில் விரித்த வலையைப் பெண்கள் தாண்டக் கூடாது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். படகில் வலை விடுகிற ஆள்தான் படகுக்கே தலை. இன்ஜின் பார்க்க யாரை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம், வலை விடுகிறவர் வராவிட்டால் படகு கிளம்பாது. அம்மாவின் காதில் நெட் பௌலர் என்பது அப்படித்தான் விழுந்தது. மாநிலத்துக்கே வலை விடுகிற ஆளாகத் தன் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

"அப்படி இல்லம்மா. டீம்ல நான் இல்ல. பிராக்டிஸ்ல மட்டும்தான் போடணும். மேட்ச்சுல எறங்க மாட்டேன்" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் கண்ணைச் சிமிட்டினாள். "தெர்யும்டி. யாரு கேட்டாலும் இதையே சொல்லிக்கினு இரு. கண்ணு பட்டுடும்."

நான் யார் கேட்டாலும் அதையே சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் அம்மாவைப் போலவே சிரித்தார்கள். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, ஊரில் என் இடம் உயர்ந்துகொண்டே போனது. கோவில் பக்கத்தில் பேனர் கட்டினார்கள். 'மாநில அணியின் நெட் பௌலர்' என்று பெரிய எழுத்து, நடுவில் நான் பந்து போடுகிற படம். படத்தில் நான் வலது கையால் போட்டுக்கொண்டிருந்தேன். பேனர் கடைக்காரரிடம் அம்மாதான் சொல்லியிருக்கிறாள், "பீச்சாங்கை வேணாங்க, திருப்பிப் போட்டுடுங்க" என்று. கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தால், "அதோ, வலை போடுற பொண்ணு" என்று வழிவிட்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சியும் முதல் மேட்ச்சும் நடந்த கல்லூரி மைதானத்தின் விடுதியில் எங்களுக்கும் படுக்க இடம் கொடுத்தார்கள். அணிக்கு ஒரு சாப்பாட்டு மேசை, நெட் பௌலர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம். அணியின் ஓய்வறைக்குள் நாங்கள் போகக் கூடாது. பிட்ச் உருட்டுகிற ரோலர் நிற்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், அங்கேதான் உட்கார வேண்டும். என் பெயரை யாரும் கேட்கவில்லை. "லெஃப்டி, இங்க வா" என்றால் போவேன். வீட்டில் பீச்சாங்கை, இங்கே லெஃப்டி. மொழி மாறியதுதான் மிச்சம்.

முதலில் இறங்கி ஆடுகிற ஓப்பனர் பெண்தான் அணியின் நட்சத்திரம். ஆரம்பத்தில் என் பந்து அவளுக்குப் பிடிபடவே இல்லை. காலை நகர்த்தாமல் நின்ற இடத்தில் மட்டையை நீட்டுவாள், பந்து ஓரத்தில் பட்டு வலையில் விழும். அல்லது ஸ்டம்ப் சாயும். அவள் முகம் சுருங்கினால் எனக்கு உள்ளுக்குள் குளிரும். ஆனால் அவள் கெட்டிக்காரி. அவுட் ஆவதற்கு வெட்கப்பட மாட்டாள். "அதே பந்து, அதே இடம், இன்னொண்ணு" என்பாள். நான் போடுவேன். "இன்னொண்ணு." போடுவேன். போகப் போக அவள் கால் முன்னே வர ஆரம்பித்தது. பந்து திரும்புவதற்கு முன்னாலேயே வந்து தட்டினாள். பிறகு அடித்தாள். நான் எவ்வளவு நன்றாகப் போட்டேனோ அவ்வளவு நன்றாக அவள் தேறினாள். கை வலிக்க வலிக்க நான் செய்தது என்னவென்றால், என்னை எப்படி அடிப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

மேட்ச்சுக்கு முந்தின நாள் அணியின் இடது கைச் சுழல்காரிக்குக் கேட்ச் பிடிக்கும்போது விரலிடுக்கு கிழிந்துவிட்டது. ரத்தம் சொட்ட அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாவம் என்று நினைப்பதற்கு முன்னால் என் மனசு துள்ளியது. துள்ளத்தான் செய்தது, மறைப்பானேன். அந்த மைதானத்தில் இன்னொரு இடது கைச் சுழல்காரி நான் மட்டும்தான். சாயங்காலம் மேடம் என்னிடம் வந்து, "நாளைக்கு சீக்கிரம் வந்துடும்மா, நீ தேவைப்படுவ" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

தேவைப்படுவ. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்னென்ன கோட்டை கட்டினேன் என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஷூவைத் துடைத்தேன், துவைத்த பேண்ட்டையே மறுபடி துவைத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். நாளைக்கு எல்லோரும் வருகிறோம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவேளை கிடைக்காமல் போனால்?

"வராதம்மா. நான் ஆடல" என்றேன்.

என் குரலில் சந்தோஷம் இருந்திருக்கிறது போல. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே பக்கத்தில் இருந்தவர்களிடம் கத்தினாள். "ஆடலையாமே! வர வேணாமாமே!" அங்கே விசில் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் படகு நிறைந்து வரும்போது கேட்கிற அதே விசில்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். சென்னை லீக்கில் ஆடுகிற ஒரு பெண் பெரிய பையோடு காரிலிருந்து இறங்கினாள். மாநிலச் சீருடை ஏற்கெனவே அவள் உடம்பில் இருந்தது. அவள்தான் மாற்று ஆள். அணியின் பதினைந்து பேரில் யாருக்காவது அடிபட்டால் வெளியிலிருந்து யார் வர வேண்டும் என்று போட்டி தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருப்பார்களாம். சட்டப்படி சரிதான். யாரும் எனக்கு அநியாயம் செய்யவில்லை. இவர்தான் என் குடியைக் கெடுத்தார் என்று திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. மேடம் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு கை மேட்ச்சுக்கு அலுப்பில்லாம இருக்கணும். ஓப்பனருக்கு நீ போடு" என்றார். நான் தேவைப்பட்டது இதற்குத்தான்.

போட்டுக்கொண்டிருந்தபோதே எங்கள் ஊர் மீன் வண்டி மைதானத்துக்குள் நுழைந்தது. கழுவி, பூ கட்டி, அதில் நைனா, அம்மா, சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றுகொண்டு வந்தார்கள். இந்த மாதிரி மேட்ச்சைப் பார்க்க யாரும் வருவதில்லை. வீராங்கனைகளின் பெற்றோர் நாலைந்து பேர் குடையோடு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் இறங்கியதும் நேராக நான் பந்து போடுகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பந்துக்கும் கை தட்டினார்கள். ஓப்பனர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

நான் முடித்ததும் மற்றவர்கள் நிழல் தேடிப் போனார்கள். நைனா மட்டும் வலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதன் கண்ணியில் விரலை விட்டுப் பார்த்தார், முடிச்சைத் தடவினார்.

"இதாம்மா அந்த வலை?" என்றார்.

"ஆமா நைனா."

"அடிக்கறவங்க உள்ள. நீ வெளிய நின்னு போடற."

"ஆமா."

"அப்ப மேட்ச்சு?"

"மேட்ச்சுல நான் இல்ல நைனா. ஆரம்பத்துல இருந்தே இல்ல. அம்மாகிட்டயும் அதான் சொன்னேன்."

நைனா என் முகத்தைப் பார்த்தார். வெறும் வலையோடு எத்தனையோ தடவை திரும்பி வந்து அதே வார்த்தையைச் சொன்னவர் அவர். ஒரே பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில்ல நிக்காத, வா" என்றார்.

அணிக்காக அம்மா நண்டுக் குழம்பு வைத்துப் பெரிய தூக்கில் எடுத்து வந்திருந்தாள். "உன் கூட ஆடறவங்களுக்குக் குடு" என்றாள். அதை நான் எந்தக் கதவைத் தட்டிக் கொடுப்பது? ஷெட்டுக்கு எடுத்துப்போய், மைதானம் பெருக்குகிற அக்காமார்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர்கள் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்கள். என் பங்கில் பாதியை அவர்களுக்கே போட்டேன்.

எங்கள் அணி முதலில் ஆடியது. அந்த இரண்டு இடது கைச் சுழல்காரிகளையும் ஓப்பனர் அடித்த அடியைப் பார்க்க வேண்டுமே. கால் முன்னே வந்தது, பந்து திரும்புவதற்கு முன்னால் மட்டை வந்தது. எல்லாம் என்மேல் பழகியது. சதம் அடித்தாள். எங்கள் ஆட்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். "வலை போடறவங்கள மொதல்லயே எறக்க மாட்டாங்க" என்று ஒரு மாமா எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். அணி பந்து போட இறங்கியபோது அம்மா எழுந்து நின்று என்னைத் தேடினாள். நான் ரோலருக்குப் பின்னால் இருந்தேன். மாற்று ஆளாக வந்த பெண் சுமாராகத்தான் போட்டாள். ஒன்று குட்டையாக விழும், ஒன்று நேராக மட்டைக்கே போகும். அதெல்லாம் ஒன்றும் பாதிக்கவில்லை, அணி சுலபமாக ஜெயித்துவிட்டது. அவள் தோற்க வைத்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்குமோ என்னவோ.

அத்தோடு போயிருந்தால் அம்மாவுக்கே புரிந்திருக்கும். போகவில்லை. பரிசு கொடுக்கும்போது ஓப்பனரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் மேடத்துக்கு நன்றி சொன்னாள், அம்மா அப்பாவுக்கு நன்றி சொன்னாள். கடைசியாக, "எங்க நெட் பௌலர்ஸுக்கும் தேங்க்ஸ்" என்றாள். பெயர் சொல்லவில்லை. பெயர் அவளுக்குத் தெரியாது.

எங்கள் ஊர் எழுந்து நின்றது. அந்தக் காலி மைதானத்தில் விசிலும் கைதட்டலும் ஆரவாரமும் எதிரொலித்தன. இரண்டு அணிப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "ஜெயிக்க வெச்சதே அவதான், அந்தப் பொண்ணு வாயாலயே சொல்லிடுச்சு பாரு" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். யாருக்குமே சந்தேகம் மிச்சமில்லை. நைனா மட்டும் கை தட்டவில்லை. குனிந்து காலிப் பாத்திரங்களை எடுத்து வண்டியில் அடுக்கினார். என் வாழ்நாளில் மாநில மேட்ச் ஒன்றில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. அதை நினைத்தால் இன்றைக்கும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

நைனா வீட்டில் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே சும்மா இருந்தார். நான் அதற்காக அவர்மேலும் கோபப்பட்டேன். மாநில அணியில் ஆடிய பெண் என்று அம்மா எனக்குச் சம்பந்தம்கூடப் பேச ஆரம்பித்தாள்.

அடுத்த சீசனில் மேடம் மறுபடி போன் செய்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன், அம்மா எடுத்தாள். நெட் பௌலர் என்ற சொல் காதில் விழுந்ததுமே, "வருவாம்மா, கண்டிப்பா வருவா. இப்பவே கெளம்பறா" என்று அவளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஈரக் கையோடு ஓடி வந்து போனைப் பிடுங்கினேன்.

"வர்ல மேடம்" என்றேன்.

"ஏம்மா? நல்லாத்தானே போட்ட?"

"அதான் மேடம். வர்ல."

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். "மாநிலமே கூப்ட்டுது, பெரிய இவ, வேணாம்னு சொல்ட்டா" என்று மார்க்கெட்டில் மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். ஊரும் அதைத்தான் நம்புகிறது. இன்றைக்கும் குப்பத்தில் நான் வந்த வாய்ப்பை எட்டி உதைத்த திமிர் பிடித்தவள். அதில் ஒரு கெட்ட சவுகரியம் இருக்கிறது. கிடைக்காதவள் என்பதைவிட வேண்டாம் என்றவள் என்ற பெயர் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொன்னேரியில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களா என்று பார்ப்பது வேலை.

போன மாதம் அம்மா அந்தப் பழைய பாட்டை மறுபடி ஆரம்பித்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனபின், நைனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் வேணா உங்கம்மாகிட்ட சொல்ட்டுமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அப்போதுதான்.

"இன்னான்னு சொல்லுவ நைனா?"

"உனக்குத் திமிரு இல்லன்னு."

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? எனக்கு ஒரு ஓவர் வேண்டியிருந்தது. மேட்ச்சில், நடுவில், அம்பயர் பக்கத்தில் நிற்க, ஆறு பந்து. இன்னும் வேண்டும்.